அளந்து பார்க்காமல் பம்ப்பை மாற்றாதீர்கள்

தமிழில் 'ரிப்பேர்' என்ற சொல்லை நாம் இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். "வண்டி ரிப்பேர்" என்றால் கெட்டுவிட்டது என்று பொருள். "வண்டியை ரிப்பேர் பண்ணியாச்சு" என்றால் சரியாகிவிட்டது என்று பொருள். நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் வண்டி நின்றுபோனால் 'பன்' என்பார்கள். நடுவழியில் நின்றதை எப்படியோ கிளப்பி விடுவது 'தெப்பனாஜ்'. காரணம் கண்டு பழுதை நீக்குவது 'ரெப்பராசியோ'. மூன்றும் வேறு வேறு சொற்கள், வேறு வேறு வேலைகள். இன்று நம் ஊரில் பல ஒர்க்‌ஷாப்புகளில் நடப்பது இரண்டாவது வேலை. பில் மட்டும் மூன்றாவது வேலைக்குப் போடுகிறார்கள்.

இதைச் சொன்னால் கோபித்துக்கொள்ளும் மெக்கானிக் நண்பர்கள் எனக்கு உண்டு. கோபித்துக்கொள்ளட்டும். பெட்ரோல் பம்ப் என்ற ஒரே ஒரு சாமானை எடுத்துக்கொண்டு என் வழக்கைச் சொல்கிறேன். தீர்ப்பை நீங்களே எழுதுங்கள். பங்கில் இருக்கும் பம்ப் அல்ல, காருக்குள் இருக்கும் பம்ப்.

அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலம் நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அவற்றில் பெட்ரோல் பம்ப் இன்ஜினின் பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. கேம் ஷாஃப்ட் தள்ளத் தள்ள, உள்ளே ஒரு டயஃப்ரம் மேலும் கீழும் ஆடி, டாங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி கார்புரேட்டருக்கு அனுப்பும். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3, 4 பவுண்டுதான். கொடைக்கானல் மலையில் ஏறும்போது சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றால், டிரைவர் பம்ப்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றுவார். பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடும். டயஃப்ரம் கிழிந்தால் கிழிந்தது கண்ணில் தெரியும். காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

2000-ஆம் ஆண்டையொட்டி புகை விதிகள் இறுகின. கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. பம்ப் டாங்குக்குள் பெட்ரோலில் முங்கிக்கொண்டது, மின்சார மோட்டாராக மாறிவிட்டது. அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சியும் மசகும். அழுத்தம் ஏறக்குறைய 3 பார், அதாவது 44 பவுண்டு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றே 32 பவுண்டு பக்கம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். பம்ப் கண்ணுக்கு மறைந்த அன்றே ஊகமும் தொடங்கிவிட்டது.

இப்போது நம் பேரப்பிள்ளைகள் 'டியூனிங்' என்று ஒன்று செய்கிறார்கள். லேப்டாப்பை வண்டியில் சொருகி இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி, டர்போவின் காற்றழுத்தத்தைக் கூட்டி, 100 குதிரைத்திறன் இருந்த இடத்தில் 130, 150 எடுக்கிறார்கள். இதை நான் குறை சொல்ல வரவில்லை. பக்கத்துக் கோயம்புத்தூர் இந்தக் கலைக்குப் பேர்போன ஊர். மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டிய எஸ். கரிவரதன் அந்த ஊர்க்காரர். 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்த பிறகு, செட்டிப்பாளையத்தில் எழுந்த பந்தயப் பாதைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பந்தய இன்ஜின் கட்டுகிறவன் எதையும் அளக்காமல் விடமாட்டான். வீதியில் ஓட்டும் டியூனிங்கில் அந்த அளவுகோலைத்தான் காணோம். குதிரைத்திறனைக் கூட்டுகிறவர்களில் எத்தனை பேர் பெட்ரோல் பம்ப்பை எட்டிப் பார்க்கிறார்கள்?

கணக்கு எளிது. பெட்ரோல் இன்ஜின் முழுத் திறனில் ஓடும்போது, 100 குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 30 முதல் 37 லிட்டர் பெட்ரோல் வேண்டும். 150 என்றால் ஒன்றரை மடங்கு. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு லிட்டருக்குச் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே அதே திறனுக்கு இன்னும் ஆறேழு சதவீதம் கூடுதலாக ஊற்றியாக வேண்டும். இத்தனையையும் தர வேண்டியது 100 குதிரைத்திறனுக்கென்று கம்பெனி பொருத்திய அதே சின்ன பம்ப். அதே வண்டி நின்ற இடத்தில் ஐடிலில் ஓடும்போது மணிக்கு ஒரு லிட்டர்கூடச் செலவாகாது.

இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் பாதி வழக்கு முடிந்தது. நம் தெருக்குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீர் வரும் நாளில் ஒரு வீடு மட்டும் குழாயைத் திறந்தால் நன்றாகத்தான் கொட்டும். தெருவே திறந்தால் கடைசி வீட்டில் நூல் மாதிரி ஒழுகும். ஒரு வீட்டுக் குழாயைப் பார்த்துவிட்டு "தண்ணி நல்லா வருதே" என்று சொல்கிறவரை நாம் நம்புவோமா? ஒர்க்‌ஷாப் வாசலில் ஐடிலில் ஓடும் வண்டியைப் பார்த்து "பம்ப் நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னால் மட்டும் நம்பிவிடுகிறோம்.

பெட்ரோல் குறைந்தால் வண்டி மெதுவாகப் போகும், அவ்வளவுதானே என்று நினைக்கக் கூடாது. காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் எரிந்தால் சிலிண்டருக்குள் சூடு ஏறும். நாக்கிங் வரும். டர்போ வண்டியில் அது பிஸ்டனை உருக்கி ஓட்டை போட்டுவிடும். அதைவிட மோசமானது ஒன்று உண்டு. நான்கு வழிச் சாலையில் லாரியை முந்தும்போது இன்ஜின் இழுவை விட்டுப் போவது. பின்னால் வருகிற பஸ்சுக்கு நம் பம்ப்பின் நிலைமை தெரியாது.

இனி நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் தங்கை பேரன் அப்படி ஒரு டியூன் செய்த டர்போ கார் வைத்திருக்கிறான். ஊருக்குள் ஒரு குறையும் இல்லை. சிறுமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் அழுத்தி ஏறும்போது மட்டும் வெட்டி வெட்டி இழுக்கும். ஓர் ஒர்க்‌ஷாப்பில் பிளக்கை மாற்றினார்கள். அடுத்த இடத்தில் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தார்கள். பிறகு "பம்ப் வீக்" என்று சொல்லி ஒரு பம்ப் போட்டார்கள். சரியாகவில்லை. "அது லோக்கல் மால், ஒரிஜினல் போடணும்" என்று இன்னொருவர் இன்னொரு பம்ப் போட்டார். அப்போதும் சரியாகவில்லை. கூலியோடு சேர்த்து 23,000 ரூபாய் போனது.

"தாத்தா, இப்ப மூணாவது பம்ப் போடணுங்கறாங்க" என்று என்னிடம் வந்து நின்றான். "பிரஷர் எவ்வளவு இருந்துச்சுன்னு யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டேன். விழித்தான். இரண்டு பம்ப் மாறிய வண்டியில் ஒருவரும் பிரஷர் கேஜ் மாட்டவில்லை.

பேகம்பூரில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாய் ஒருவரிடம் அனுப்பினேன். அவர் பெட்ரோல் குழாயில் கேஜை இணைத்து, நீளமான ஓஸ் போட்டு, வைப்பர் பக்கத்தில் கண்ணாடிக்கு வெளியே டேப்பால் ஒட்டினார். பம்ப்பின் மின் இணைப்பிலிருந்து இரண்டு வயரை இழுத்து மீட்டரில் மாட்டி மடியில் வைத்துக்கொண்டார். "தம்பி, நீங்க எப்பவும் போற மாதிரியே மலை ஏறுங்க" என்றார்.

டர்போ காற்று கூடக் கூடப் பெட்ரோல் அழுத்தமும் கூடும்படி அந்த வண்டியில் அமைத்திருந்தார்கள். ஆகவே ஐடிலில் 3 பார் இருந்தால், முழு இழுவையில் 4 பார் இருக்க வேண்டும். முள் 2.9-க்கு இறங்கியது. மடியில் இருந்த மீட்டர் 10.9 வோல்ட் காட்டியது. பாட்டரியிலோ 13.8. வழியில் ஏறக்குறைய 3 வோல்ட் காணாமல் போயிருந்தது. கீழே வந்து தேடினார். டிக்கிக்குள் எர்த் வயரை முறுக்கும் போல்ட்டின் அடியில், எப்போதோ நசுங்கலை எடுத்து பெயிண்ட் அடித்தவர்கள் அதன்மேலும் சேர்த்து அடித்திருந்தார்கள். அங்கே 2 வோல்ட் போனது. கருகிய ரிலேயில் மிச்சம். பெயிண்டைச் சுரண்டி, ரிலேயை மாற்றி, பம்ப்புக்குத் தனியாகத் தடித்த வயர் இழுத்தார். பம்ப்புக்கு 13.4 வோல்ட் கிடைத்தது. மலையில் முள் 4-ஐ விட்டு அசையவில்லை. மொத்தச் செலவு 900 ரூபாய்.

கம்பெனி பொருத்திய முதல் பம்ப் உண்மையிலேயே கெட்டிருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது.

பம்ப் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. கெடும். டாங்கில் மண்ணும் தண்ணீரும் சேர்ந்தால் கெடும். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் குளிர்ச்சி இல்லாமல் சூடேறிக் கெடும். செய்த இடத்திலேயே குறை இருந்தாலும் கெடும். 2020 ஜூலையில் மாருதி நிறுவனம் 1,34,885 வேகன் ஆர், பலேனோ கார்களைப் பெட்ரோல் பம்ப்புக்காகத் திரும்ப அழைத்தது. அதற்கு முந்தைய மாதம் ஹோண்டா 65,651 கார்களை அழைத்தது. 2024 அக்டோபரில் மறுபடியும் 90,000-க்கு மேல். ஹோண்டா பம்ப்புகளில் சந்தேகப்பட்டது உள்ளே சுழலும் இம்பெல்லர் என்ற சின்னப் பிளாஸ்டிக் சக்கரம். கவனியுங்கள். லட்சக்கணக்கில் மாற்றுகிற கம்பெனிகூட, எந்தக் காலத்தில் செய்த எந்த வண்டி என்று பிரித்தறிந்துதான் அழைக்கிறது. ஆகவே பம்ப் மேல் சந்தேகம் வந்தால் முதல் வேலை, கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பார்ப்பது. அழைத்த வண்டியென்றால் இலவசமாகவே மாற்றித் தருவார்கள். இந்தச் சோதனைக்குச் செலவு ஒரு பைசா இல்லை.

அடுத்தது வரிசை. வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வைத்துவிட்டுப் போன வரிசை உங்களுக்கு மனப்பாடம். பம்ப்புக்கும் அதுதான். சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி 'ஙொய்' என்ற சத்தம் வருகிறதா? வராவிட்டால் ஃபியூஸ், ரிலே. வந்தால், பம்ப் ஓடும்போது அதன் வாயிலேயே வோல்ட் எவ்வளவு? பாட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரையும் எர்த்தையும் தேட வேண்டும். பிறகு அழுத்தம். ஐடிலில் மட்டும் பார்த்தால் போதாது, வண்டி இழுக்கும்போதும் பார்க்க வேண்டும். நிறுத்திய பிறகு அழுத்தம் நிற்கிறதா, சரசரவென்று இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். பிறகு அளவு. அரை நிமிடத்தில் எத்தனை மில்லி வருகிறது என்று பாத்திரத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கிளாம்ப் மீட்டரில் கரண்ட் அதிகம், பெட்ரோல் குறைவு என்றால் எங்கோ அடைப்பு, அல்லது பம்ப் உள்ளுக்குள் பிடித்துக்கொள்கிறது. வடிகட்டி, ரெகுலேட்டர் இரண்டையும் பார்த்தாயிற்றா? இத்தனையும் சரி, அழுத்தம் மட்டும் இல்லை என்றால், அப்போது சொல்லுங்கள் பம்ப் போய்விட்டது என்று. நானே கையெழுத்துப் போடுகிறேன்.

"சார், இவ்வளவும் பார்க்க அரை நாள் ஆகும். அதுக்கு யார் காசு தர்றா?" என்று மெக்கானிக்குகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இங்கே என் வழக்கு நம்மேலேயே திரும்புகிறது. டாக்டர் ஸ்கேன் எழுதினால் மறுபேச்சில்லாமல் கட்டுகிறோம். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தால் சந்தோஷமாகவே வீட்டுக்கு வருகிறோம். மெக்கானிக் சோதித்துப் பார்த்து 500 ரூபாய் கேட்டால், "எதையும் மாத்தவே இல்லையே, எதுக்கு 500?" என்று சண்டை பிடிக்கிறோம். மாற்றினால்தான் காசு என்று ஊரே சொல்லிக் கொடுத்தால் அவர் மாற்றத்தான் செய்வார். சோதனைக்குக் கூலி கொடுக்காத ஊரில் சோதனை செய்கிறவர் மிஞ்சமாட்டார். பேகம்பூர் பாயின் மகன் அந்தத் தொழிலுக்கு வரவில்லை.

கம்பெனிகளையும் விட்டுவிட முடியாது. சுதந்திரமான ஒர்க்‌ஷாப்புகளுக்கு உதிரிபாகமும் தொழில்நுட்ப விவரமும் சோதனைக் கருவியும் கிடைக்காமல் வைத்திருந்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அது மேல்முறையீடு, நீதிமன்றம் என்று போனது. 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென்று ஒரு குழுவும் இணையதளமும் அமைத்தது. நல்லதுதான். ஆனால் இன்றும் பல வண்டிகளுக்கு மோட்டார் மட்டும் கேட்டால், மிதவை, வடிகட்டி, மூடி எல்லாம் சேர்ந்த முழு செட்டைத்தான் தலையில் கட்டுகிறார்கள். லீவர் ஒன்று தேய்ந்ததற்காகப் பூட்டையே தூக்கி எறியச் சொன்னால் திண்டுக்கல்காரன் சிரிப்பான். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ப் பூட்டைத் திறந்து, தேய்ந்த லீவரை மட்டும் மாற்றித் தருகிற கை இன்னும் இங்கே இருக்கிறது.

உண்மையிலேயே மாற்றத்தான் வேண்டும் என்றால், அதிலும் சிரத்தை வேண்டும். டாங்கில் பெட்ரோல் கால்வாசிக்கும் கீழே இருக்க வேண்டும். குழாயில் இருக்கும் அழுத்தத்தை முதலில் இறக்கி, பாட்டரியைக் கழற்ற வேண்டும். மூடியைச் சுற்றியிருக்கும் மண்ணை ஊதிச் சுத்தம் செய்யாமல் திறந்தால் அந்த மண் நேரே டாங்குக்குள் போகும், புதுப் பம்ப்புக்கும் எமன் அதுவே. அடிவடிகட்டியும் ரப்பர் சீலும் புதிதாக இருக்க வேண்டும். எத்தனால் தாங்கும் ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள். டியூன் செய்த வண்டிக்கு அதன் புதிய குதிரைத்திறனைக் கணக்கிட்டுத்தான் பம்ப்பின் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதன் கரண்ட்டுக்குத் தகுந்த வயரும் இழுக்க வேண்டும். பக்கத்து பேயில் வெல்டிங் நடக்கக் கூடாது. சுருட்டு நம் ஊர்ப் பெருமைதான். டாங்க் திறந்திருக்கும் இடத்தில் அந்தப் பெருமை வேண்டாம்.

நான் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக வேலை பார்த்தவன். ஆபீஸ் ஜீப்புக்கு ஒரு பாகம் மாற்ற வேண்டுமென்றால், ஏன் மாற்ற வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். பழைய பாகத்தை ஸ்டோரில் ஒப்படைத்த சீட்டு வேண்டும். இரண்டும் இல்லாத பில்லைத் தணிக்கைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். 'சிவப்பு நாடா' என்று எங்களைக் கேலி செய்தவர்கள் பலர். அந்த நாடா கட்டியிருந்தது ஒரே ஒரு கேள்வியைத்தான்: காரணம் என்ன? சர்க்கார் பணத்துக்குக் கேட்ட கேள்வியை நம் சொந்தப் பணத்துக்கு ஏன் கேட்கக் கூடாது?

ஆகவே நண்பர்களே, உங்கள் வண்டியோ பேரன் வண்டியோ ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது மூன்றைக் கேளுங்கள். பம்ப்பை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எத்தனை பார் அழுத்தம், எத்தனை வோல்ட் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். சோதனைக்குத் தனியாகக் கூலி கொடுத்துவிடுங்கள், ஒன்றையுமே மாற்றாவிட்டாலும் கொடுங்கள். முதல் இரண்டுக்கு முகம் சுளிக்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள். மூன்றாவதற்கு நீங்கள் முகம் சுளித்தால் முதல் இரண்டையும் கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லை.